படைவீரரின் சொந்தத் துப்பாக்கி: பணியில் இருக்கும்போது எங்கே, எப்படி வைப்பது?

பணியிட மாற்ற உத்தரவு கைக்கு வந்ததும் படைவீரருக்கு ஆயிரம் வேலை. பிள்ளைகளின் பள்ளி, ரயில் டிக்கெட், பெற்றோரின் மருந்து என்று மனம் ஓடிக்கொண்டே இருக்கும். பீரோவில் இருக்கும் சொந்தத் துப்பாக்கி பெரும்பாலும் கடைசி நாள் மாலையில்தான் நினைவுக்கு வரும். "நீ பார்த்துக்கொள்" என்று மனைவியிடம் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பியவர்கள் பலரை எனக்குத் தெரியும். எல்லோரும் நல்லவர்கள், சட்டத்தை மீற நினைத்தவர் ஒருவரும் இல்லை. ஆனால் சாவி கைமாறிய அந்த நேரத்திலேயே வீட்டில் இருப்பவரைச் சிக்கலில் மாட்டிவிட்டார்கள்.

நான் தரைப்படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். அதில் சில ஆண்டுகள் யூனிட்டின் கோத் என் பொறுப்பில் இருந்தது. கோத் என்பது ஆயுத அறை. சட்டப் புத்தகம் அதையே 'யூனிட் ஆயுதக் கிடங்கு' என்கிறது. சொந்தத் துப்பாக்கி வைத்திருக்கும் தம்பிகள் என்னிடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேறுபாடு

பணிக்காக உங்கள் கையில் தரப்படும் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆவது பிரிவு, அரசுப் பணியாளர் தம் கடமைக்காக வைத்திருக்கும் ஆயுதத்துக்கு விலக்கு அளிக்கிறது. இந்த விலக்கு உங்கள் சொந்த ஆயுதத்துக்குப் பொருந்தாது. அது .32 ரிவால்வராக இருக்கலாம், .315 ரைஃபிளாக இருக்கலாம், அப்பா காலத்து 12 போர் (குழலின் அளவு) இரட்டைக் குழல் துப்பாக்கியாக இருக்கலாம். அந்தத் துப்பாக்கியைப் பொறுத்தவரை நீங்களும் மற்றவர்களைப் போல ஓர் உரிமதாரர், அவ்வளவுதான். அதை எங்கே வைப்பது என்பதில் சீருடை எந்தச் சலுகையும் தருவதில்லை, ஒன்றைத் தவிர. அதைப் பின்னால் சொல்கிறேன்.

2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. உரிமத்தின் காலம் மூன்று ஆண்டுகளிலிருந்து ஐந்து ஆண்டுகளாகக் கூடியது. உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதற்கான தண்டனையும் கடுமையானது: குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை, அபராதம் தனி. மனைவியிடம் சாவியைக் கொடுக்கும் முன் நினைக்க வேண்டியது இதைத்தான். உரிமம் உங்கள் பெயரில். வீட்டுக்கோ குடும்பத்துக்கோ அல்ல.

மறுபக்கமும் உண்டு. 1972இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், கையில் இருந்தால்தான் 'வைத்திருப்பது' என்று கொள்ள வேண்டியதில்லை; பொருள் வேறொருவரிடம் இருந்தாலும் அதன்மேல் அறிந்தே அதிகாரமும் கட்டுப்பாடும் கொண்டிருந்தால் அதுவும் வைத்திருப்பதே என்று விளக்கியது. நீங்கள் லடாக்கில் இருக்கலாம், துப்பாக்கி தேனியில் இருக்கலாம். அதற்கு என்ன ஆனாலும் கேள்வி உங்களிடம்தான் வரும்.

படி 1: உரிமத்தை எடுத்துப் படியுங்கள்

பலர் உரிமம் வாங்கிய நாளோடு அதைத் திறப்பதே இல்லை. புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே எடுத்து நான்கு விஷயங்களைப் பாருங்கள். எந்தத் தேதிவரை செல்லும்? எந்தப் பகுதிக்குச் செல்லும், மாநிலத்துக்குள்ளா, இந்தியா முழுவதுமா? எந்த முகவரி எழுதப்பட்டிருக்கிறது? தேசியத் தரவுத்தளத்தில் பதிவானதற்கான தனி அடையாள எண் இருக்கிறதா?

மாநிலத்துக்குள் மட்டும் செல்லும் உரிமத்தோடு துப்பாக்கியை அடுத்த மாநிலத்துக்குக் கொண்டுபோனால், இரண்டு கையிலும் அடையாள அட்டை வைத்திருந்தாலும் அது குற்றம்தான். பகுதியை விரிவாக்க, உரிமம் வழங்கிய அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும். தமிழ்நாட்டில் மாவட்டங்களில் ஆட்சியர், சென்னையில் காவல் ஆணையர். கமாண்டிங் ஆபீசரின் பரிந்துரைக் கடிதம் இணைத்தால் வேலை எளிதாகும்.

உரிமத்தை ஜம்மு காஷ்மீரில் பணியில் இருந்தபோது வாங்கியவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். 2017இல் ராஜஸ்தான் காவல்துறை அங்கிருந்து முறைகேடாக வழங்கப்பட்ட உரிமங்களைக் கண்டுபிடித்தது. பிறகு விசாரணை சி.பி.ஐ. கைக்குப் போனது. படைவீரர்களின் பெயரைப் பயன்படுத்திப் பல உரிமங்கள் வழங்கப்பட்டிருந்ததுதான் அதில் வேதனை. இடைத்தரகர் ஒருவர் 'வாங்கித் தந்த' உரிமம் உங்களிடம் இருந்தால், அதன் எண் அரசுப் பதிவேட்டில் உண்மையாகவே இருக்கிறதா என்று வழங்கிய அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. பின்னால் ஒரு சோதனையில் தெரிய வருவதைவிட இப்போதே தெரிந்துகொள்வது மேல்.

படி 2: எங்கே வைப்பது என்று முடிவெடுங்கள்

நான்கு இடங்கள் உண்டு: வீடு, காவல் நிலையம், உரிமம் பெற்ற ஆயுத வணிகர், யூனிட்டின் கோத்.

வீடு, நீங்கள் அங்கேயே குடியிருக்கும்வரை மட்டும். குடும்பக் குடியிருப்பில் இருந்து தினமும் பணிக்குப் போய் வருபவர் என்றால், சுவரோடு பொருத்திய இரும்புப் பெட்டி, தோட்டாவுக்கு வேறு பூட்டு, சாவி உங்களிடம் மட்டும். பீரோவின் மேல்தட்டில் சேலைக்கு அடியில் மறைத்து வைப்பதைப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. எட்டு வயதுப் பிள்ளைக்கு வீட்டில் தெரியாத மறைவிடம் எதுவும் கிடையாது.

காவல் நிலையம் சட்டப்படி முழுப் பாதுகாப்பு. ரசீது கிடைக்கும், கேள்வி எழாது. ஆனால் அங்கே துப்பாக்கிக்கு எண்ணெய் போட யாருக்கும் நேரமில்லை. வழக்குப் பொருட்களோடு ஒரு மூலையில் நிற்கும். ஆறு மாதத்துக்குள் திரும்ப எடுப்பீர்கள் என்றால் சரி. மூன்று ஆண்டு என்றால் குழலின் உள்பக்கத்தை மறந்துவிடுங்கள்.

ஆயுத வணிகரிடம் கட்டணம் உண்டு. கொடுக்கும் முன்பே மாதக் கட்டணம் எவ்வளவு, பராமரிப்பு அதில் சேருமா, கடையின் உரிமம் எந்தத் தேதிவரை என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஊரில் உதவிக்கு ஆள் இல்லாதவர்களுக்கும், அடிக்கடி இடம் மாறும் பணியில் இருப்பவர்களுக்கும் இது நல்ல வழி.

கோத். முதலில் சொன்ன அந்த ஒரே சலுகை இதுதான். சட்டத்தின் 21ஆவது பிரிவு, ஆயுதத்தை ஒப்படைக்கும் இடமாகக் காவல் நிலையத்தையும் வணிகரையும் சொல்லிவிட்டு, ஆயுதப்படையினருக்கு மட்டும் யூனிட் ஆயுதக் கிடங்கையும் சேர்க்கிறது. கடற்படையினருக்குக் கப்பலில் உள்ள ஆயுதக் கிடங்கும் இதில் அடங்கும் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. காவலுக்கு இரவு பகலாக ஆள் நிற்கும் அறை, குறித்த இடைவெளியில் எண்ணிக்கை, கையெழுத்துப் பதிவேடு. பாரக்கில் (படைவீரர் விடுதியில்) தங்குபவருக்கு இதைத் தவிர வேறு இடமே இல்லை; கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் ரிவால்வர் வைத்திருப்பது எந்த யூனிட்டிலும் மன்னிக்கப்படாது. என்னைக் கேட்டால், யூனிட்டோடு இருக்கும் படைவீரருக்கு முதல் தேர்வு கோத். தொலைதூரக் களப் பணிக்குப் போகிறவருக்கு வணிகர்.

படி 3: துப்பாக்கியைத் தயார் செய்யுங்கள்

இதை விரிவாகச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. என் அப்பாவிடம் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துத் தோட்டத்துக்காக உரிமம் பெற்ற ஓர் இரட்டைக் குழல் இருந்தது. நான் வடக்கே இருந்தபோது அவர் இறந்தார். காரியம் முடிந்து நான் திரும்பிவிட்டேன். துப்பாக்கியைப் பற்றி யாருக்கும் நினைவில்லை. தம்பி, நல்ல எண்ணத்தில், அதைச் சணல் சாக்கில் சுற்றி வைக்கோல் பரணில் வைத்துவிட்டான். அடுத்த விடுப்பில் சாக்கைப் பிரித்தேன். குழலின் மேல் ஐந்து விரல்களும் தெளிவாகப் பதிந்திருந்தன, கருஞ்சிவப்புத் துருவில். கடைசியாக அதைத் தூக்கியவனின் வியர்வை, இரும்பில் கையெழுத்துப் போட்டதுபோல் நின்றுவிட்டது. தேய்த்தும் முழுதாகப் போகவில்லை.

அதைவிடப் பெரிய தவறு சட்டத்தில் நடந்திருந்தது. உரிமதாரர் இறந்த அன்றே அந்த ஆயுதத்தை வீட்டில் வைத்திருக்கும் உரிமை முடிந்துவிடுகிறது. காலம் தாழ்த்தாமல் ஒப்படைத்துவிட்டு, பிறகு வாரிசு தன் பெயரில் உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். எங்கள் வீட்டில் மாதக்கணக்கில் அது பரணில் கிடந்தது.

ஆகவே, வைக்கும் முன் செய்ய வேண்டியவை. முதலில் தோட்டா இல்லை என்று கண்ணால் பாருங்கள். பிறகு சுண்டு விரலால் தொட்டுப் பாருங்கள். இருட்டில் கண் ஏமாற்றும், விரல் ஏமாற்றாது. குழலுக்குள் விட்டு இழுக்கும் புல்த்ரூ கயிற்றில், படையில் நாமெல்லாம் பழகிய அந்த நான்குக்கு இரண்டு அங்குலப் பிளானல் துணியைக் கோத்து, துணி வெள்ளையாக வெளியே வரும்வரை இழுங்கள். அதன்பின் எண்ணெய் தொட்ட துணி ஒரு முறை. வழியும் அளவுக்கு வேண்டாம். அதிக எண்ணெய் கட்டைக்குள் இறங்கி மரத்தை மென்மையாக்கிவிடும். மரப்பகுதிக்கு ஆளிவிதை எண்ணெய், உள்ளங்கையால் தேய்த்து. சுத்தியல் விசைச்சுருள்கள் இழுபட்ட நிலையில் இருக்கக் கூடாது. தளர்த்திவிட்டே வைக்க வேண்டும். கடைசியாக, வெறும் கையால் உலோகத்தைத் தொடாமல் துணியால் பிடித்து உறையில் வையுங்கள்.

அழகான தோல் உறையில் நீண்ட நாள் வைக்காதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி இரும்புக்குக் கொடுக்கும். உலர்ந்த பருத்தித் துணி, கூடவே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போதும். நீலகிரி வெலிங்டன் பனியும் சென்னைக் கடற்காற்றும் வடகிழக்கு மழையும் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

தோட்டாவுக்கு எண்ணெய் படவே கூடாது. பித்தளைப் பகுதியில் பச்சைக் களிம்பு பிடித்தவற்றைத் தனியே பிரித்து, வணிகரிடமோ காவல் நிலையத்திலோ கணக்கோடு ஒப்படையுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: உங்கள் சொந்தத் தோட்டாப் பையில் படையின் தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது. பயிற்சி முடிந்து சட்டைப்பையில் மறந்த ஒரே ஒரு தோட்டா, நல்ல பணிக்காலம் முழுவதையும் கறையாக்கிவிடும்.

படி 4: ஒப்படைத்தல்

கோத்தில் வைக்க விரும்பினால் வாய்ச்சொல் போதாது. கம்பெனி வழியாக எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுங்கள், உரிமத்தின் நகலோடு. கமாண்டிங் ஆபீசரின் அனுமதி வந்ததும், வேலை நேரத்தில், காலியான துப்பாக்கியை உறையோடு கொண்டுவாருங்கள்.

பதிவேட்டில் எழுதும்போது பக்கத்தில் நில்லுங்கள். தயாரிப்பு, வகை, போர் அளவு, வரிசை எண். எண்ணை உரிமத்திலிருந்து வாசிக்காதீர்கள், துப்பாக்கியிலிருந்தே வாசியுங்கள். ஒரு முறை என்னிடம் வந்த பையன் உரிமத்தைப் பார்த்து எண்ணைச் சொன்னான். "துப்பாக்கியைப் பார்த்துச் சொல்லப்பா" என்றேன். "உஸ்தாத், இதிலே 8 இருக்கு, அதிலே 3 இருக்கு" என்றான், முகம் வெளிறி. உரிமம் எழுதிய எழுத்தரின் பிழை. அன்று கண்டுபிடித்ததால் ஒரு திருத்த விண்ணப்பத்தோடு முடிந்தது.

தோட்டாக்கள் தனி. அவை துப்பாக்கியோடு ஒரே அறையில் இருக்காது. மேகசினில் (தோட்டாக் கிடங்கில்), வேறு பதிவில், எண்ணி எழுதப்படும். நீங்களும் எண்ணுங்கள். துப்பாக்கியின் விசைக் காப்பில் (டிரிகர் கார்டில்) பெயர், படை எண், ஒப்படைத்த தேதி எழுதிய அட்டையைக் கட்டுங்கள். ரசீதில் முத்திரையும் கையெழுத்தும் இருக்க வேண்டும். அதன் ஒரு நகலை உரிமம் வழங்கிய அலுவலகத்துக்கும், உங்கள் ஊர்க் காவல் நிலையத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். இந்த ஒரு தபால் செலவு எவ்வளவு தலைவலியைத் தவிர்க்கும் என்பதைத் தேர்தல் நேரத்தில் உணர்வீர்கள்.

தேர்தல் வரும்போது

நடத்தை விதிகள் அமலுக்கு வந்ததும், உரிமம் பெற்ற துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி ஊரில் காவலர்கள் வருவார்கள். வாக்கு எண்ணிக்கை முடிந்த பிறகே திரும்பக் கிடைக்கும். நீங்கள் எல்லையில் இருக்கிறீர்கள், வீட்டில் வயதான அம்மா மட்டும். துப்பாக்கி பூட்டிய பெட்டியில், சாவி உங்கள் இடுப்பில். அம்மா என்ன பதில் சொல்வார்?

துப்பாக்கி கோத்திலோ வணிகரிடமோ இருந்தால் அந்த ரசீதின் நகலைக் காட்டினால் போதும். காவலர் தன் பட்டியலில் எழுதிக்கொண்டு போய்விடுவார். வீட்டில்தான் இருக்கிறது என்றால் ஒரு வழி உண்டு: பழுதுபார்க்கவோ, உரிமம் புதுப்பிக்கவோ, உரிமதாரரின் பயன்பாட்டுக்காகவோ, அவரது எழுத்துப்பூர்வ அனுமதியோடு இன்னொருவர் துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம் என்று 3ஆவது பிரிவு அனுமதிக்கிறது. இது எடுத்துச் செல்வதற்கான அனுமதி மட்டுமே, வைத்திருப்பதற்கு அல்ல. ஒப்படைப்புக்கு ஆள் அனுப்ப வேண்டிய நிலை வந்தால், நிலைய அதிகாரியிடம் தொலைபேசியில் பேசி, கடிதம் அனுப்பி, அவர் ஒப்புதலோடு செய்யுங்கள்.

இடமாற்றம், களப் பணி, வெளிநாடு

கோத்திலிருந்து எடுத்துப் புதிய இடத்துக்குக் கொண்டுபோகிறீர்கள் என்றால், பயணத்தில் துப்பாக்கி காலியாக, பிரித்த நிலையில், பூட்டிய பெட்டியில். தோட்டா வேறு பெட்டியில். உரிமத்தின் மூலப்பிரதி உங்கள் கையில். விமானத்தில் போவதானால் முன்கூட்டியே நிறுவனத்திடம் கேட்டு, நிலையத்தில் முதலிலேயே அறிவித்துவிடுங்கள். கைப்பையில் ஒற்றைத் தோட்டா மறந்து கிடந்தாலும் அன்றைய பயணம் காவல் நிலையத்தில்தான் முடியும். போய்ச் சேர்ந்த பின், 30 நாளுக்கு மேல் அங்கே துப்பாக்கியோடு தங்குவதாக இருந்தால், புதிய இடத்தின் உரிம அதிகாரிக்கும் பழைய அதிகாரிக்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

யூனிட் களப்பகுதிக்கு நகர்கிறது என்றால், சொந்த ஆயுதங்கள் பழைய இடத்திலேயே விடப்படும் ரியர் பார்ட்டி என்ற குழுவோடு பின்னால் தங்குமா, அல்லது முன்பே திரும்பப் பெற வேண்டுமா என்று உத்தரவு வந்த வாரமே கேளுங்கள். ஐ.நா. அமைதிப் பணிக்குப் போகிறவர்களும் அப்படியே. கடைசி இரண்டு நாளில் கோத்தில் மூச்சுவிட நேரம் இருக்காது.

புதுப்பித்தல்

ஒப்படைத்த துப்பாக்கிக்கும் உரிமம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கோத்தில் இருப்பதால் காலாவதி நின்றுவிடாது. புதுப்பிக்கும் பொறுப்பு உங்களுடையதே. காலாவதியான பிறகு குறித்த காலத்துக்குள் நீங்கள் அதைத் திரும்பப் பெறவோ விற்கவோ செய்யாவிட்டால், அது அரசுடைமையாகக்கூடும். அப்பாவின் நினைவாக வைத்திருக்கும் பொருளை ஒரு தேதி மறந்ததற்காக இழக்காதீர்கள். மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். யூனிட்டிடமிருந்து 'இந்த ஆயுதம் எங்கள் பாதுகாப்பில் இருக்கிறது' என்ற சான்று வாங்கி விண்ணப்பத்தோடு இணையுங்கள்.

மனம் சரியில்லாத நாட்களில்

துப்பாக்கியைக் கோத்தில் வைக்க இடமாற்றம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. உரிமம் செல்லும் காலத்திலேயே, பாதுகாப்புக்காக எப்போது வேண்டுமானாலும் ஒப்படைக்கலாம். ஊரில் நிலத் தகராறு, வீட்டில் பிரிவு, கடன், தூக்கமில்லாத இரவுகள்: இவற்றில் ஏதாவது அழுத்தும்போது துப்பாக்கி கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது. அந்த அழுத்தம் பெரும்பாலும் கடந்துபோகும்; அது கடக்கும்வரை இடையில் ஒரு பூட்டும் இன்னொரு மனிதரும் இருந்தால் உயிர் தப்புகிறது.

ஓர் இரவு எட்டு மணிக்கு ஒருவர் ரிவால்வரோடு வந்து, "கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டும், உஸ்தாத்" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன். அனுமதிக்கு சுபேதார் சாப்பை அழைத்து, அன்றிரவே பதிவு செய்தோம். மறுநாள் காலை அவரோடு நானும் மருத்துவ அறைக்குப் போனேன். கோத் பொறுப்பில் இருக்கும் தம்பிகளே, இப்படி ஒருவர் வந்தால் 'நேரம் முடிந்துவிட்டது, நாளைக்கு வா' என்று மட்டும் சொல்லாதீர்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவரின் நடையில் மாற்றம் தெரிந்தால் நீங்களே கேளுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

ஓய்வு பெறும்போது

டிஸ்சார்ஜ் தாள்களுக்கு அலையும் வாரத்தில் கோத்தை விட்டுவிடாதீர்கள். சீருடை கழன்றதும் யூனிட் ஆயுதக் கிடங்கில் வைக்கும் உரிமையும் முடிகிறது. அதற்கு முன்பே உரிமத்தின் முகவரியை யூனிட்டிலிருந்து ஊருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். வங்கிக் காவல் பணிக்குப் போக நினைப்பவர்கள் பலர் சொந்தத் துப்பாக்கியையே நம்பி இருக்கிறார்கள். உரிமத்தில் முகவரியும் பகுதியும் சரியாக இல்லாவிட்டால் அந்த வேலை கை நழுவும்.

திரும்பப் பெறும் நாளில் பதிவேட்டில் கையெழுத்திடும் முன் எண்ணை மீண்டும் துப்பாக்கியிலிருந்தே வாசியுங்கள். தோட்டாவை எண்ணுங்கள். பிறகு வீட்டில் ஒரு தாளில், துப்பாக்கி எங்கே இருக்கிறது, உரிமம் எந்தக் கோப்பில் இருக்கிறது, எனக்கு ஏதாவது ஆனால் அதைத் தொடாமல் எந்தக் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று உங்கள் கையெழுத்தில் எழுதி, மனைவியிடமும் மூத்த பிள்ளையிடமும் படித்துக் காட்டுங்கள். என் அப்பா அப்படி ஒரு தாள் எழுதி வைத்திருந்தால், தம்பி அந்தச் சாக்கைத் தேடியிருக்க மாட்டான்.